தெளிக்காத மருந்தின் கணக்கு

வேளாண் விரிவாக்கப் பணியில் நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வெற்றிகள் பெரும்பாலும் எதையாவது கையில் கொடுத்ததால் வந்தவை. 1960களில் தஞ்சாவூர்ப் பக்கத்து உழவர்கள் ஆடுதுறை 27 ரகத்தை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். வானொலியில் கேட்டார்கள், விதை வாங்கினார்கள், குறுவையில் விதைத்தார்கள். விதையோ உரமோ மானியமோ கையில் இருந்தால் பேச்சும் சரளமாக வரும். பூச்சியைக் கண்டு பதறி நிற்பவரிடம் “இப்போதைக்கு ஒன்றும் அடிக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்புவதுதான் கடினம். அந்தக் கடினமான வேலைக்கு நாம் இன்னும் சரியாகப் பழகவில்லை.

நெல்லையே எடுத்துக்கொள்வோம். இளம் பயிரில் இலைச்சுருட்டுப் புழு தின்ற இலைகள் வெளிறி, தூரத்திலிருந்தே கண்ணில் குத்தும். ஆனால் அந்தப் பருவத்துப் பயிர் புதுத் தூர் கட்டி, புது இலை விட்டு இழப்பைச் சரிக்கட்டிக்கொள்ளும். அதனால்தான் வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீத இலைச் சேதம் வரை பொறுக்கச் சொல்கிறோம். பொறுக்காமல் பைரித்ராய்டு மருந்தை அடித்தால் பூச்சிகளைத் தின்னும் சிலந்திகள் சாகும். இலை உறைக்குள் கிடக்கும் புகையான் என்ற தத்துப்பூச்சியின் முட்டைகள் தப்பி, எதிரியே இல்லாத வயலில் பொரிக்கும். புகையானுக்கு நாம் வைத்திருக்கும் சேதநிலையைப் பாருங்கள்: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு. சிலந்தியை எண்ணத் தெரியாதவருக்கு இந்த எண்ணால் பயனில்லை. நாமோ அதைத் துண்டறிக்கையில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, வரப்பிலேயே நின்றுவிடுகிறோம்.

இந்தோனேசியா இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. புகையான் மீண்டும் மீண்டும் நெல்லை எரித்த பிறகு, 1986இல் அதிபர் ஆணை 57 வகைப் பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தடை செய்தது. மானியமும் படிப்படியாக நிறுத்தப்பட்டது. 1989இல் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. இருபத்தைந்து பேர் அளவிலான குழு, பருவம் முழுதும் வாரம் ஒருமுறை வயலில் இறங்கி எண்ணி, கண்டதைத் தாளில் படமாக வரைந்து, என்ன செய்யலாம் என்று வாதிட்டது. வலை மூடிய தொட்டிச் செடியில் புகையானையும் சிலந்தியையும் ஒன்றாக விட்டு, எத்தனை மிஞ்சுகிறது என்று அவர்களே பார்த்தார்கள். நம்மிடமும் அதே பெயரில் பள்ளிகள் நடக்கின்றன. சில உண்மையிலேயே பள்ளிகள்; பல, சாமியானா போட்டு நடக்கும் சொற்பொழிவுகள்.

வியட்நாமின் மீகாங் கழிமுகத்தில் இன்னும் எளிய வழி கண்டார்கள். 1990களில் துண்டறிக்கையும் சிறு வானொலி நாடகங்களும் உழவரிடம் கேட்டது ஒன்றுதான்: வயலின் ஒரு பகுதியில் முதல் 40 நாள் அடிக்காமல் விட்டுப் பாருங்கள். மருந்தடிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ‘நம்புங்கள்’ என்று கேட்காமல் ‘பாருங்கள்’ என்று கேட்டதால்தான் இது பலித்தது என்று நினைக்கிறேன்.

நம் ஊர்ச் சான்று பொள்ளாச்சியில் இருக்கிறது. 2016இல் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தபோது கரும்பூசணம் படிந்த மட்டைகளைக் கண்ட எவருக்கும் அடிக்கத்தான் கை பரபரத்திருக்கும். பூச்சிக்கொல்லி வேண்டாம், என்கார்சியா ஒட்டுண்ணியைக் காப்பாற்றுங்கள் என்பதே பரிந்துரை. ஒட்டுண்ணி புகுந்த இளம்பூச்சிகள் கறுத்துப்போகும். இதைக் காட்டிக் கொடுக்காவிட்டால் உழவர் அதையும் நோயென்றே எடுத்துக்கொள்வார். கறுத்த இளம்பூச்சிகளைத் தாங்கிய ஓலைத் துண்டுகளை வெட்டி, பாதித்த மரங்களில் கட்டலாம். பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்த பசை. மைதா யோசனைக்கு முதலில் சிரிப்புத்தான் கிடைக்கும். ஆனாலும் அது கைக்கு ஒரு வேலை கொடுக்கிறது, காத்திருக்கவும் வைக்கிறது. காத்திருக்கச் சொல்லும் பரிந்துரையோடு செய்வதற்கு ஏதாவது ஒன்றையும் சேர்த்தே தர வேண்டும்.

இதில் மருந்துக் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. காலை ஆறு மணிக்கும் கடை திறந்திருக்கிறது, கடனும் கிடைக்கிறது. பல ஊர்களில் முதல் விரிவாக்கப் பணியாளரே அவர்தான். ஹைதராபாத்தின் வேளாண் விரிவாக்க நிறுவனமான மேனேஜ் 2003இல் கடைக்காரர்களுக்கென ஓராண்டுப் பட்டயப் படிப்பு தொடங்கியது நல்ல காரியம். ஆனால் விற்காமல் அனுப்பும் ஆலோசனைக்கு அவர் கல்லாவில் இடமில்லை. நம் மாதாந்திர அறிக்கையிலும் இல்லை என்பதுதான் உறுத்துகிறது. வழங்கிய விதைக்கு, நடத்திய பயிற்சிக்கு, வந்த ஆட்களின் கையெழுத்துக்குப் பத்தி உண்டு. ஒரு கிராமமே இரண்டு தெளிப்பைத் தவிர்த்தால் அதை எழுதப் பத்தி கிடையாது.

‘அடிக்காதே’ என்பதையும் மந்திரமாக்கிவிடக் கூடாது. 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழு மக்காச்சோளக் குருத்துக்குள் இறங்கிவிட்டால் தாமதம் விளைச்சலைத் தின்னும். எப்போது பொறுப்பது, எப்போது இறங்குவது என்பதை எண்ணித்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த இதழ் முதல் இதற்கென ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். எந்தப் பயிர், எந்தப் பருவம், எண்ணியபோது என்ன இருந்தது, எத்தனை தெளிப்புத் தவிர்க்கப்பட்டது, விளைச்சல் என்ன ஆனது என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். பொறுத்திருந்து மகசூல் இழந்த வயல்களின் குறிப்பும் கட்டாயம் வேண்டும். உழவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.