புதுவையின் பெரிய நாட்கள் எவை?

நெய்வேலியில் பஸ் ஏறிக் கடலூர் தாண்டினால் புதுச்சேரி வந்துவிடும். புதுச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம் என்ற நான்கு துண்டுகள் சேர்ந்த சின்னஞ்சிறு ராஜ்யம் அது. அதன் சரித்திரம் என்னவென்று கேட்டால், பிரஞ்சுக் கவர்னர் டூப்ளே என்பார்கள். 1761-ல் இங்கிலீஷ்காரன் ஊரைப் பிடித்து இடித்தான் என்பார்கள். இரண்டு வெள்ளையர் அடித்துக்கொண்ட கதை நமது சரித்திரமாகுமா? நாம் சொல்லும் நாட்கள் வேறு.

முதலாவது, 1873. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் ஐரோப்பியரைப் போல் பூட்ஸ் அணிந்து கோர்ட்டுக்குள் நுழைந்தார். நீதிபதி அபராதம் போட்டார். வக்கீல் கைகட்டி நிற்கவில்லை. பாரிஸ் வரை அப்பீல் செய்து ஜெயித்தார். கோர்ட்டில் தோற்ற அந்த அகம்பாவம், நம் கிராமத்து மேல்ஜாதித் தெருக்களில் அதற்குப் பின்னும் வெகுகாலம் உயிரோடிருந்ததே! செருப்பைக் கையில் தூக்கி நடக்கச் சொன்னவன் பிரஞ்சுக்காரனா, நம்மவனா?

இரண்டாவது, 1936 ஜூலை 30. எட்டு மணி நேர வேலை முதலியவற்றைக் கேட்டுப் பஞ்சாலைத் தொழிலாளர் போராடினார்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பேசும் சர்க்கார் துப்பாக்கியால் பதில் சொல்லிற்று. 12 பேர் மாண்டார்கள். மறு வருஷம், 1937-ல், எட்டு மணி நேரம் சட்டமாயிற்று. இதை எந்தச் சாமி வரமாகக் கொடுத்தது?

மூன்றாவது, 1954 அக்டோபர் 18. கீழூரில் ஜனப்பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். இந்தியாவோடு சேர 170 பேரும், எதிராக 8 பேரும் ஓட்டுப் போட்டார்கள். ஜோசியம் பார்த்தல்ல, தலை எண்ணிப் பார்த்தே ஒரு தேசத்தாரின் ஆட்சி முடிவு செய்யப்பட்டது. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல் நடந்தது.

இந்தப் பழங்கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். 2023 ஏப்ரலில் நம் சென்னைச் சட்டசபையிலேயே, தொழிற்சாலையில் 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் மசோதா நிறைவேறிற்று. தொழிலாளர் கொதித்தெழுந்த பின் மே முதல் நாள் அது வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. உயிர் கொடுத்து வாங்கிய எட்டு மணியை ஒரு நாள் ஓட்டில் இழந்துவிடலாம் என்பதற்கு இதைவிட ருஜு வேண்டுமோ?

ஆகவே, சுரங்கத்தில் ஷிப்டு முடிந்து எட்டாவது மணியில் வெளியே வரும் தோழரே! அந்த மணி தானாக அடிக்கவில்லை. காண்டிராக்ட் தோழருக்கும் அதே மணி அடிக்கிறதா என்று பாரும். அடிக்கவில்லையானால், அடுத்த பெரிய நாளை உண்டாக்க வேண்டியவர் நீரே.