எறும்புச் சட்டினியும் வனச் சட்டமும்

ஒடிசா ராஜ்யத்து மயூர்பஞ்ச் ஜில்லாவிலுள்ள ஆதிவாசிகள், இலைகளைப் பிணைத்து மரத்திற் கூடு கட்டும் செவ்வெறும்பை, அதாவது நம் நாட்டார் முசுறு என்றழைக்கும் ஜந்துவை, முட்டையோடு எடுத்து, உப்பு, மிளகாய், இஞ்சி, பூண்டு சேர்த்தரைத்து உண்டு வருகிறார்கள்; சந்தையிலும் விற்கிறார்கள். 'சிமிலிபால் காய் சட்டினி' என்னும் பெயரால் இதற்கு 2024-ம் வருஷம் ஜனவரி மாதத்திற் புவிசார் குறியீடு கிடைத்தது.

இதைக் கேட்டு நகரவாசிகள் நகைக்கக் கூடும். இறாலையும் நண்டையும் விலை கொடுத்து வாங்கி உண்பவர் எறும்பைக் கண்டு முகஞ்சுளிக்க நியாயமென்ன? (மாமிசத்தை அறவே நீக்கியோரைப் பற்றி யாம் பேசவில்லை.) மழை விட்டதும் எழும் ஈசலைப் பிடித்து வறுத்துத் தின்பது நம் கிராமங்களிலும் உள்ள வழக்கமே. இங்கிலீஷ் படித்த நாம்தான் அதைச் சொல்ல வெட்கப்படுகிறோம். நாம் வெட்கப்பட்டிருக்க, சிங்கப்பூர் சர்க்கார் 2024 ஜூலையில் 16 வகைப் பூச்சிகளை ஆகாரமாக விற்க அனுமதித்துவிட்டனர். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனமோ, ஒரு கிலோ எடை கூட மாட்டுக்கு 8 கிலோ தீனி வேண்டுமென்றும், பூச்சிகளுக்குச் சராசரி 2 கிலோ போதுமென்றும் 2013-லேயே கணக்கிட்டது. காட்டு முசுறுக்கு நாம் ஒரு பிடி தீனியும் இடவேண்டுவதில்லை. ஒரே குடி பல மரங்களிற் பல கூடுகளாகப் பரந்திருப்பதால், அளவறிந்து சில கூடுகளை எடுப்பதால் அது அழிவதுமில்லை.

குறியீடு பெயரைக் காக்கும். காட்டுக்குள் நுழையும் உரிமையைத் தராது. அவ்வுரிமைக்கு 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். சிறு வன விளைபொருள் என்பதை அது 'தாவர மூலமானவை' என்று வரையறுக்கிறது. பட்டுப்பூச்சிக் கூடு, தேன், மெழுகு, அரக்கு ஆகியவை பூச்சிகளாலேயே உண்டாகின்றவை. அவற்றைப் பெயர் சொல்லிச் சேர்த்த பார்லிமெண்டு எறும்பைச் சேர்க்கவில்லை. ஏனைய பாரம்பரிய உரிமைகளைப் பொதுவாக ஒப்பும் விதியொன்றுண்டு; அதிலும் வனவிலங்கை வேட்டையாடுதலும் பொறிவைத்துப் பிடித்தலும் விலக்கப்பட்டிருக்கின்றன. எறும்புக் கூட்டைப் பறிப்பது எவ்வகையில் அடங்கும்? இதை வனக் காவலரின் மனம்போல் விட்டுவிடுவது ராஜநீதியாகாது.

சிமிலிபாலில் 845 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பிரதேசம் 2025 ஏப்ரலில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. காவல் இறுகுமுன், அந்த வரையறையில் 'எறும்பும் அதன் முட்டையும்' என்ற சொற்களைச் சேர்த்து, எங்கே, எவ்வளவு எடுக்கலாமென்பதைக் கிராம சபைகளோடு கலந்து சர்க்கார் நிர்ணயிக்க வேண்டும்.