படிப்புக்கு வயது உண்டா?

“இந்த வயதிலே படித்து நான் என்ன கலெக்டர் உத்தியோகத்துக்கா போகப் போகிறேன்?”

புளியந்தோப்பில் வயது முதிர்ந்த தொழிலாளிகள் பலர் இப்படிச் சொல்லக் கேட்கிறோம். பத்து வயதில் வேலைக்குப் போனவர் அறுபது வயதில் இப்படிச் சொன்னால், அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. அவராகப் பள்ளியை விடவில்லை. வறுமைதான் விட வைத்தது. ஆனாலும் அவர் சொல்வதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

இந்த வட்டாரத்தின் வரலாறே அவருக்குப் பதில் சொல்கிறது. பக்கிங்ஹாம் - கர்னாட்டிக் ஆலைத் தொழிலாளிகளில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஏராளம். பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் நடத்திய சபையில் அவர்கள் சமயச் சொற்பொழிவு கேட்கக் கூடினார்கள். அங்கேயே திரு.வி.க.வின் பேச்சையும் கேட்டார்கள். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. ஆலை 1996-ல் மூடப்பட்டுவிட்டது. கேட்டுக் கேட்டே அறிவு பெற்ற அந்தத் தொழிலாளியின் வழி இன்றும் நமக்குத் திறந்திருக்கிறது.

கேள்வி ஞானம் ருசியை உண்டாக்கும். ருசி கண்டவன் புத்தகத்தைத் தானே தேடுவான். கேரளத்தில் கண்ணூர் பீடித் தொழிலாளிகள் தங்களில் ஒருவரைப் பத்திரிகையும் நாவலும் உரக்க வாசிக்கச் சொல்லி, அவர் பங்குப் பீடியைத் தாங்கள் சுற்றிக் கொடுத்தார்கள். கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865-லேயே இவ்வழக்கம் தொடங்கியது. மறு ஆண்டே ஆட்சியாளர்கள் தடை போட்டார்கள். தொழிலாளி வாசிப்பதைக் கண்டு அவர்களுக்கு அவ்வளவு பயம்!

புதுக்கோட்டையில் 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல் உடைத்த கையும் நாற்று நட்ட கையும் எழுதுகோல் பிடித்தன. பிள்ளை பெற்று வளர்த்த தாய்மார்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். அவர்களை வயதா தடுத்தது?

தடுப்பது வயதல்ல, ஓய்வின்மையும் பூட்டிய கதவும்தான். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. அதை வீட்டுக்காரர் கட்டினாலும், வாடகைக் குடித்தனக்காரரின் உழைப்பும் அதில் சேர்ந்தே இருக்கிறது. ஷிப்டு முடிந்து வருகிற நேரத்தில் நூலகம் பூட்டிக் கிடந்தால், அந்த வரியால் அவருக்கு என்ன பயன்?

தொழிலாளர் குடியிருப்புகளில் உள்ள நூலகங்களை இரவு ஒன்பது மணி வரை திறந்து வைக்க வேண்டும். கண் மங்கியவர்களும் படிக்கப் பெரிய எழுத்துப் புத்தகங்கள் வாங்க வேண்டும். கூலி வேலை முடிந்து வருகிற கிராமத்து விவசாயத் தொழிலாளிக்கும் இந்த வசதி வேண்டும் என்று சர்க்காரைக் கோருகிறோம்.

சர்க்கார் செய்யும் வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. சங்க அலுவலகத்திலும் சேரித் திண்ணையிலும் தினம் அரைமணி நேரம் ஒருவர் வாசிக்கட்டும், பத்துப் பேர் கேட்கட்டும். படித்த பிள்ளைகள் பெற்றோருக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லிக் கொடுக்கட்டும். தன் சம்பளச் சீட்டைத் தானே படிக்கிற தொழிலாளியை எந்த மேஸ்திரியும் எளிதில் ஏமாற்ற முடியாது. அதே தொழிலாளி ஒரு கதையைப் படித்துச் சிரிக்கவும் கண் கலங்கவும் உரிமை உடையவர். இரண்டும் அவருக்கு வேண்டும்.

தோழர்களே, இன்று மாலையே தொடங்குங்கள்!