பொதுக் கணிப்பொறியும் காவல் விதியும்

வாயிற்கதவைத் தாழிடாது விட்டுப் பொருள் களவுபோன பின் விருந்தினரைக் கடியும் இல்லத்தானை, உலகம் அறிவுடையான் என்னாது. பொதுமக்கள் கையாளும் கணிப்பொறிகளின் காரியத்திலோ நாம் நாள்தோறும் அவ்வாறே செய்துவருகிறோம்.

சென்ற கோடை விடுமுறையில், உதவித்தொகை விண்ணப்பத்தின் பொருட்டு ஊத்தங்கரையில் ஓர் இணைய நிலையத்திற்குச் சென்றிருந்தேன். உலாவியைத் திறந்தவுடன், எனக்கு முன் இருந்து சென்றவரின் மின்னஞ்சல் மூடப்படாமல் கிடந்தது. பதிவிறக்கக் கோப்புறையிலோ ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம் என முன்பின் அறியாதோர் ஆவணங்கள் குவிந்திருந்தன. அங்கிருந்த அண்ணனிடம் இதனைத் தெரிவித்தேன். "வருகிறவர்கள்தாம் அழித்துவிட்டுப் போகவேண்டும், தம்பி, நான் எத்தனை பேருக்குச் சொல்வேன்?" என்றார். எனக்குப் பின்னே, முதியோர் ஓய்வூதியத்திற்கு விண்ணப்பிக்க வந்த மூதாட்டி ஒருவர் நின்றிருந்தார். எழுத்தறியாத அவர் எதனை, எவ்வாறு அழிப்பார்?

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் ஆகிய உலாவிகளில் நிர்வாகி ஒருமுறை வகுத்துவைக்கும் கொள்கை அமைப்புகள் உள. கடவுச்சொல்லைச் சேமியாதிருக்கவும், மூடும்போதே குக்கீகளைத் துடைக்கவும் அவற்றால் விதிக்கலாம். பயர்பாக்ஸில் இவ்வசதி 2018-இல் 60-ஆம் பதிப்புடன் விரிவாக வந்தது. எனினும், பதிவிறக்கிய கோப்புகள் உலாவியின் வரலாற்றை அழிப்பதால் மறைவதில்லை. அவற்றை நாள்தோறும் அகற்றத் தனி ஏற்பாடு வேண்டும்.

அலுவலக மென்பொருளின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. 1999 மார்ச்சில் மெலிசா என்னும் நச்சுநிரல், வேர்டு ஆவணத்தில் மேக்ரோவாய் ஒளிந்து மின்னஞ்சல் வழியே உலகெங்கும் பரவிற்று. அதன் பின்னரும் நெடுங்காலம், எச்சரிக்கையைக் கண்டு தடுக்கும் பொறுப்பு ஆவணத்தைத் திறப்பவரிடமே விடப்பட்டிருந்தது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை இயல்பாகவே தடுப்பதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது 2022 பிப்ரவரியிலேதான்.

விதி இறுகினால் வேலை தடைப்படும் என்பார் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. மைக்ரோசாஃப்டும் பயனர் முறையீட்டால் 2022 ஜூலையில் அத்தடையை நிறுத்திவைத்தது. ஆயினும் விளக்கக் குறிப்புகளைத் தெளிவாக்கி, அம்மாதத்திலேயே மீண்டும் தொடங்கிற்று. முறையீட்டைச் செவிமடுப்பது வேறு. காவலைக் கைவிடுவது வேறு. தடுக்கும் விதி, தடுத்ததன் காரணத்தை எளிய தமிழில் உரைக்குமாயின், முறையீடும் குறையும் என்பது என் துணிபு.

தமிழ்நாடு அரசு 2020-இல் இணையப் பாதுகாப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. கொள்கை ஏட்டில் இருந்தாற் போதாது. சிற்றூர்க் கடையின் மேசை வரை அது இறங்கி வரவேண்டும். செல்வர்க்குப் பெட்டகம் உண்டு. ஏழைக்கோ அவன் சான்றிதழே சொத்து.

ஆதலின், மாணவ நண்பர்காள்! விடுமுறையில் ஊர் செல்லுங்கால், உரிமையாளரின் இசைவு பெற்று, ஓர் இணைய நிலையத்திற்கேனும் இவ்விதிகளை அமைத்துக் கொடுப்போமாக. அரைமணி நேரப் பணிதான். எனினும், அம்மூதாட்டி அச்சமின்றி வீடு திரும்ப அது போதும்.