கீமோ முடிந்த பிறகு

கோவையில் கடைசி கீமோ முடிந்து நீலகிரி மலைக்குத் திரும்பும் இளைஞர்களிடம் ஊர் சொல்வது ஒன்றுதான்: "அதான் எல்லாம் சரியாயிடுச்சே, இன்னும் என்ன?" அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்ட பிறகு அந்தப் பையனோ பெண்ணோ வாயைத் திறக்க முடிவதில்லை. உடம்பு அசதியாக இருக்கிறது என்றால் சோம்பேறி என்பார்கள். பயமாக இருக்கிறது என்றால் அபசகுனமாகப் பேசாதே என்பார்கள். செக்கப்புக்குக் கீழே போக வேண்டிய நாள் நெருங்க நெருங்க, ராத்திரித் தூக்கம் போய்விடும். அதை யாரிடம் சொல்வது?

எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி, முப்பது வயதுகூட ஆகவில்லை, குன்னூர்ப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தபோது அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டார்கள். அப்படி எடுத்தவர்களுக்குப் பல வருடம் கழித்தும் கையில் நீர் தேங்கி வீங்கலாம். கீறலோ பூச்சிக்கடியோ பட்டுச் சீழ் பிடித்தால் வீக்கம் அதிகமாகும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே நாள் முழுக்க நின்று, கையில் கீறல் படாமல் எப்படிப் பறிப்பது? கத்தரியை எந்தக் கையில் பிடிப்பது? பறித்த கொழுந்தின் எடை குறைந்தால் மேஸ்திரியிடம் என்ன சொல்வது? மருத்துவர் எவ்வளவு அக்கறையானவராக இருந்தாலும் அவர் கொழுந்து பறித்தவர் இல்லையே. இதே அறுவை சிகிச்சை செய்துகொண்டு இதே வேலைக்குத் திரும்பிய இன்னொருத்திதான் இதற்கெல்லாம் பதில் சொல்ல முடியும். அவள் கோத்தகிரியிலோ பந்தலூரிலோ இருக்கலாம். இருவரும் சந்திக்க ஒரு வழியும் இல்லை.

புற்றுநோய் மருத்துவத்தில் 15 முதல் 39 வயது வரை உள்ளவர்களைத் தனிப் பிரிவாகப் பார்க்கும் வழக்கம் பல நாடுகளில் வந்துவிட்டது. அறுபதில் நோய் கண்டவருக்குக் கல்யாணம், பிள்ளைகள், வேலை எல்லாம் பெரும்பாலும் முடிந்த கதை. இருபத்து மூன்றில் கண்டவருக்கு எல்லாமே இனிமேல்தான். இன்டர்வியூவில் இரண்டு வருட இடைவெளிக்கு என்ன காரணம் சொல்வது? பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்வதா, மறைப்பதா? குழந்தை பிறக்குமா? சில கீமோ மருந்துகள் கருத்தரிக்கும் திறனைப் பாதிக்கும். சிகிச்சைக்கு முன்பே விந்தணுவையோ கருமுட்டையையோ உறையவைத்துச் சேமிக்க வழி உண்டு என்பதை எல்லாம் முடிந்த பிறகு கேள்விப்படுகிறவர்களின் வேதனை சொல்லி மாளாது. டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து சிலருக்கு இதயத்தைப் பலவீனமாக்கும். வின்கிரிஸ்டின் என்ற மருந்து கால் விரல்களை மரத்துப்போகச் செய்யும். ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரி காலையில் அந்தக் கால்களோடு நடந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். நிறைய ஸ்டீராய்டு எடுத்தவர்களில் சிலருக்கு இடுப்பு மூட்டு எலும்பு சிதைகிறது. மேடும் படியும் ஏறாமல் ஒரு கடைக்குக்கூடப் போக முடியாத ஊர் இது.

"கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்கைப் பார்" என்று தைரியம் சொல்வார்கள். புற்றுநோயிலிருந்து மீண்டு 2012 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் அவர் மறுபடி இந்தியாவுக்காகக் களமிறங்கியபோது கண் கலங்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிற பையனுக்கு அவ்வளவு உயரத்தில் உள்ள ஆள் போதாது. பக்கத்து ஊரில், பஸ்ஸில் போய்ப் பார்க்கிற தூரத்தில் ஒரு ஆள் வேண்டும்.

சிகிச்சை முடிந்ததும் தொடங்குவது வேறொரு காலம், அதற்கென்று தனிக் கஷ்டங்கள் உண்டு என்று அமெரிக்க மருத்துவர் ஃபிட்ஸ்ஹியூ முல்லன் 1985இல் எழுதினார். முப்பதுகளின் தொடக்கத்தில் தானே புற்றுநோயில் விழுந்து எழுந்தவர் அவர். நம் நாட்டில் மும்பை டாடா நினைவு மருத்துவமனை, சிகிச்சை முடித்த பிள்ளைகளுக்கென்று 1991இலேயே தனி கிளினிக் தொடங்கியது. சிறுவயதில் நோயை வென்று வளர்ந்தவர்கள் 2009இல் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் ஆதரவில் 'உகம்' என்ற குழுவாகச் சேர்ந்தார்கள். இப்போது சிகிச்சையில் இருக்கிற குழந்தைகளிடமும் பெற்றோரிடமும் போய்ப் பேசுகிறவர்கள் அவர்களே.

குழுவாகக் கூடினால் ஆயுள் நீளுமா? 1989இல் மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல், முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்களிடம் செய்த ஆய்வில் நீளும் என்பதுபோல் தெரிந்தது. 2001இல் கனடாவில் 235 பெண்களிடம் செய்த ஆய்வு அதை உறுதிப்படுத்தவில்லை; ஆனால் மன வேதனையும் வலியும் குறைந்தன என்று கண்டது, அதுவும் அதிகம் துவண்டிருந்தவர்களுக்கு. குழு மருந்தாகாது, மருந்தை நிறுத்தச் சொல்லும் குழு ஆபத்து. இருந்தாலும் வேதனை குறைகிறது என்பதே எனக்குப் போதுமான காரணம்.

சங்கமாகக் கூடுவது இந்த மலைக்குப் புதிதல்ல. கூடலூரில் எண்பதுகளிலேயே பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் எல்லோரும் ஊர் ஊராகச் சங்கம் வைத்தார்கள். அந்தச் சங்கங்களின் மீதுதான் 'அஸ்வினி' என்ற சுகாதார அமைப்பும் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் எழுந்தன. ஆதிவாசிப் பெண்களே பயிற்சி பெற்று நர்சுகளானார்கள். மகளிர் சுயஉதவிக் குழு இல்லாத எஸ்டேட் உண்டா? கடனுக்காக வாரம் தவறாமல் கூடத் தெரிந்தவர்களுக்கு இதற்கும் கூடத் தெரியும்.

இளைஞர்களின் குழுவில் இளைஞர்கள் மட்டும் இருக்க வேண்டும் என்பேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கல்யாணத்தைப் பற்றி யார் பேசுவார்கள்? பேசியது வெளியே போகக் கூடாது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த சின்ன ஊர்களில் இதுதான் முதல் விதி. லேகியம் விற்க வருகிறவர்களுக்கு இடமில்லை. குழுவில் ஒருவருக்கு நோய் திரும்பினால் மற்றவர்கள் நொறுங்கிப்போவார்கள். அந்த நாளுக்காகவே பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 700 படுக்கைகளோடு 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. முதல்வர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. இவ்வளவு செய்த அரசிடம் நான் கேட்பது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு அறை, ஒரு ஆலோசகர், பந்தலூரிலிருந்தும் மஞ்சூரிலிருந்தும் வருகிறவர்களுக்கு பஸ் கட்டணம். கோவையில் மலைக்காரர்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும்போது, சம்மதம் கேட்டு, இதே மலையில் இருக்கிற இன்னொருவரின் தொடர்பையும் சேர்த்துக் கொடுங்கள்.