தமிழ் ஆய்வுக்கும் ஸ்கோபஸ்தான் அளவுகோலா?

தரமான ஆய்விதழ்களுக்கான யூஜிசி-கேர் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழுவினர் (யூஜிசி) 2025 பிப்ரவரியில் ஓர் அறிவிப்போடு கைகழுவிவிட்டார்கள். எந்த ஆய்விதழ் தரமானது என்பதை இனி அந்தந்தப் பல்கலைக்கழகமும் கல்லூரியுமே முடிவு செய்துகொள்ள வேண்டும். வழிகாட்டச் சில பொதுக் குறிப்புகள் மட்டும் தரப்பட்டன. கேர் பட்டியலில் குறைகள் இருந்தன, மறுக்கவில்லை. தகுதியான இதழ்கள் உள்ளே வர வெகுநாள் காத்திருந்தன, போலிகளும் நுழைந்தன. ஆனால் அந்தப் பட்டியலின் முதல் தொகுதியில் இந்திய மொழி இதழ்களுக்கு இடம் இருந்தது. இரண்டாம் தொகுதிதான் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய பன்னாட்டுத் தரவுத்தளங்களில் உள்ள இதழ்கள். முதல் தொகுதியைக் காப்பார் இல்லை என்றானதும் கல்லூரி நிர்வாகங்கள் எதைப் பிடித்துக்கொள்ளும் என்பது முடிவெடுத்தவர்களுக்குத் தெரியாதா?

அவை எதைப் பிடித்துக்கொள்கின்றன என்பதற்குப் பூந்தமல்லிப் பக்கத்தையே பாருங்கள். அங்கே நெடுஞ்சாலையின் இருபுறமும் பொறியியல், மருத்துவ, பல் மருத்துவக் கல்லூரிகள்தான். 2022 முதல் அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் தமிழர் மரபும், தமிழரும் தொழில்நுட்பமும் பாடங்களாகிவிட்டன. வரவேற்க வேண்டிய மாற்றம். அந்தப் பாடங்களை நடத்தத் தமிழ் படித்த ஆசிரியர்களும் பொறியியல் கல்லூரிகளுக்கு வந்தார்கள். கணினித் துறைக்கும் இயந்திரவியல் துறைக்கும் வைத்திருக்கும் அதே கணக்கை அவர்கள்மீதும் சுமத்துகிற கல்லூரிகள் உண்டு: ஆண்டுக்கு இத்தனை ஸ்கோபஸ் கட்டுரை, இல்லையென்றால் ஊதிய உயர்வு கிடையாது.

ஸ்கோபஸ் ஒரு டச்சுப் பதிப்பு நிறுவனம் 2004இல் தொடங்கிய வணிகத் தரவுத்தளம். ஓர் இதழை அதில் சேர்க்க வேண்டுமானால் தலைப்பும் சுருக்கமும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். மேற்கோள் பட்டியல் உரோமன் எழுத்தில் இருக்க வேண்டும். அதாவது, சங்கப் பாடல் உரைகளையோ சோழர் கல்வெட்டையோ ஆராய்பவர், தான் படித்த தமிழ் நூல்கள் அத்தனையையும் ஆங்கில எழுத்தில் மாற்றி அடுக்கினால்தான் அவர் எழுதும் இதழுக்குக் கதவு திறக்கும். மதுரைத் தமிழ்ச் சங்கம் 1902இல் தொடங்கிய ‘செந்தமிழ்’ முதல், கல்வெட்டுச் செய்திகளைத் தாங்கி வரும் ‘ஆவணம்’ வரை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ் ஆராய்ச்சி தமிழ் இதழ்களில்தான் வளர்ந்திருக்கிறது. புதிதாகக் கிடைத்த கல்வெட்டின் வாசகத்தை அதே துறையில் இருக்கும் இன்னொருவர் படித்து, ‘இந்த எழுத்தை நீங்கள் தவறாக வாசித்திருக்கிறீர்கள்’ என்று சொல்லும் இடம் அது. அதைவிடக் கடுமையான சோதனை எந்தத் தரவுத்தளத்தில் இருக்கிறது?

எல்லா ஆய்வும் ஆண்டுக் கணக்குக்குள் அடங்குவதும் இல்லை. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 1960களில் குகைகளில் ஏறித் தமிழ்-பிராமி எழுத்துகளைப் படியெடுத்தார். அவருடைய பெருநூல் 2003இல்தான் வந்தது. ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்ற இன்றைய கணக்கில் அந்த நீண்ட உழைப்பு அடங்காது. நம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தையே பாருங்கள். இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கற்கருவிகளைக் கண்ட அந்த இடத்தில், தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 1999இல் அகழத் தொடங்கினார்கள். 15 லட்சம் ஆண்டுப் பழமையைச் சொன்ன கட்டுரை 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே கருவி செய்யும் முறை மாறியதைச் சொன்ன கட்டுரை 2018இல் ‘நேச்சர்’ இதழில். உலகமே திரும்பிப் பார்த்த ஆராய்ச்சிக்கே அத்தனை காலம் பிடித்தது. துறைக்குத் துறை வழக்கமும் மாறும். கணிதத்தில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு கட்டுரை என்பது நல்ல விளைச்சல். மருத்துவத்தில் பத்துப் பேர் கையெழுத்திட்ட கட்டுரை சாதாரணம். ஆவடியில் பீரங்கி வண்டி வடிவமைக்கும் ஆய்வகத்தின் உழைப்பு பெரும்பாலும் எந்த இதழுக்கும் போகாது. அது அர்ஜுன் டாங்கியாக ஓடுகிறது. நெல் அளக்கும் படியைக் கொண்டு துணி அளக்கச் சொல்கிறார்கள்.

இது மானியக் குழுவினரின் முதல் தவறும் அல்ல. 2010இல் பதவி உயர்வுக்குப் புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தார்கள்; காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. அதைத் தடுக்க 2017இல் 38,000க்கும் மேற்பட்ட இதழ்களை ஒரே பட்டியலில் கொட்டினார்கள். மறு ஆண்டு மே மாதத்தில் அதிலிருந்து 4,305 இதழ்களை நீக்கினார்கள். நேற்றுவரை அங்கீகரித்த இதழ் இன்று ஆகாது என்றானபோது, அதில் நம்பி எழுதியவர்களுக்கு யார் பதில் சொன்னார்கள்? பிறகு வந்தது கேர். முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். 2022இல் அது கட்டாயமில்லை என்றார்கள். அதே ஆண்டு எம்.ஃபில். பட்டத்தையே எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அறிவிப்பு டெல்லியிலிருந்து வந்தது. சுமை இங்கே, ஒப்பந்த ஊதியத்தில் இருக்கும் இளம் ஆசிரியர் தலையில் விழுந்தது.

ஸ்கோபஸில் இருந்தால் தரம் உறுதி என்று வாதிடுகிறவர்கள் 2023ஐ நினைத்துப் பார்க்கட்டும். ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகம் அந்த ஆண்டு 8,000க்கும் அதிகமான கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அந்தக் கட்டுரைகள் வந்த இதழ்களில் பல, இவர்கள் தரச் சான்றாகக் காட்டும் அதே தரவுத்தளங்களில் இருந்தவை. கட்டுரையை விலைக்கு எழுதி, ஆசிரியர் பெயரிடத்தையும் விற்கும் கூட்டம் வாட்ஸ்அப்பில் வெளிப்படையாகவே விளம்பரம் செய்கிறது. ஆண்டு இலக்கை எட்ட முடியாதவர்கள்தான் அவர்களின் வாடிக்கையாளர்கள். இந்தச் சந்தையை உருவாக்கியது பேராசையுள்ள ஆசிரியர்கள் அல்ல, இலக்கு நிர்ணயித்த கைகள்.

இனியாவது துறை தெரிந்தவர்களைக் கேட்க வேண்டும். கல்வெட்டு ஆய்வின் தரத்தைக் கல்வெட்டு படிக்கத் தெரிந்தவரும், கணிதத்தின் தரத்தைக் கணித அறிஞரும் சொல்லட்டும். நூலையும் பதிப்பையும் அகராதிப் பணியையும் ஆராய்ச்சியாக ஏற்கும் ஏற்பாடு வேண்டும். மாநில உயர்கல்வித் துறை இதில் பார்வையாளராக நிற்கக் கூடாது. தமிழ் இதழ்களுக்கென ஒரு மதிப்பீட்டை இங்கேயே உருவாக்கும் பேச்சை அது தொடங்க வேண்டும். அதுவரை, தமிழ்த் துறை ஆசிரியர்களிடம் ஸ்கோபஸ் எண்ணிக்கை கேட்பதைக் கல்லூரி நிர்வாகங்கள் நிறுத்தி வைக்க வேண்டும்.