சாட்சி எண் இரண்டு

வீட்டை விற்ற அன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் நானும் ஒரு கையெழுத்துப் போட்டேன். விற்பவர் என்ற இடத்தில் என் கணவரின் பெயர் இருந்தது. என் கையெழுத்து கடைசிப் பக்கத்தில், 'சாட்சிகள்' என்ற சொல்லுக்குக் கீழே, இரண்டாவதாக விழுந்தது. சாட்சிக்கு வர வேண்டிய ஒருவர் வரவில்லை. பத்திரம் எழுதியவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "அம்மா ஆதார் வெச்சிருக்காங்களா? அவங்களே போடட்டும்" என்றார். போட்டேன். பத்து மாதம் நின்று, இடித்து, எழுப்பி, பூசி, விலை பேசி முடித்த வீட்டுக்கு நான் சாட்சி எண் இரண்டு.

இது என் சொந்தப் புலம்பல் என்று தள்ளிவிட வேண்டாம். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில், வல்லத்திலும் மாத்தூரிலும், ஏதோ ஒரு வீட்டின் மேல் கம்பி நீட்டிக்கொண்டு மேல்தளம் எழும்பிக்கொண்டே இருக்கிறது. அந்த வீடுகளின் வாசலில் பகல் பதினொரு மணிக்குப் போய் நின்று பாருங்கள். எம்-சாண்ட் லாரிக்குக் கணக்குப் பார்ப்பது யார்? மேஸ்திரியோடு வாதாடுவது யார்? வீட்டு ஆண் ஷிஃப்டில் இருப்பான், அல்லது இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருப்பான். வாசலில் நிற்பது ஒரு பெண்.

எங்கள் வீடு ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கும் கிராமத்தில். முன்பக்கம் ஓடு, பின்பக்கம் ஒரு தளம். என் மாமனார் கட்டியது. 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது, 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. ஏரிக்குக் கீழே நெல் விளைந்த நிலத்தைச் சதுரடிக் கணக்கில் பேச ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டை அப்படியே விற்றால் மனைக்கு மட்டும்தான் விலை. மேலே அறைகள் எழுப்பி, வாடகை வரும் வீடாகக் காட்டினால் விலை வேறு. அதனால், விற்பதற்காகவே ஒரு வீட்டைப் புதுப்பித்தோம். 'புதுப்பித்தோம்' என்ற இந்தப் பன்மையில்தான் எல்லா ஏமாற்றும் இருக்கிறது.

நான் செய்தவற்றைச் சொல்கிறேன். பழைய சுவர் மேல்தளத்தைத் தாங்காது என்று இன்ஜினியர் சொன்னதும் பில்லர் எழுப்ப மூன்று பேரிடம் விலை கேட்டேன். சிமெண்ட் மூட்டையை எண்ணி இறக்கினேன். மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடினேன். தளம் போட்ட அன்று இருபத்தாறு பேருக்குச் சோறு வடித்தேன். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, பதினான்கு நாள், விடிகாலையிலும் சாயங்காலமும் குடத்தோடு ஏறினேன். சனிக்கிழமைதோறும் சம்பளம் பிரித்தேன். புதிய குளியலறையில் டைல்ஸ் ஒட்டி முடித்ததும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் கதவுப் பக்கம் ஓடியது. பெயர்த்துவிட்டுத் திரும்ப ஒட்டச் சொன்னேன். மேஸ்திரி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஃபோனை எடுத்து என் கணவரைக் கூப்பிட்டார். "சார், மேடம் டைல்ஸப் பேக்கச் சொல்றாங்க. செய்யட்டுமா?"

சார் அந்தக் குளியலறையை அதுவரை பார்த்ததே இல்லை. "அவ சொன்னா செஞ்சிடுங்க" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் என் சொல் வேலையாவதற்கு அவர் சொல் வேண்டியிருந்தது.

வீடு நல்ல விலைக்குப் போனது. சொந்தக்காரர்கள் அவரிடம், "எப்படிப்பா வேலைக்கும் போய்க்கிட்டு இவ்ளோ பெரிய வேலைய முடிச்ச?" என்று கேட்டார்கள். என் மாமியார் சொன்னார்: "இவளும் கூட இருந்து பார்த்துக்கிட்டா."

'பார்த்துக்கொள்வது'! குழந்தையைப் பார்த்துக்கொள்வாள், மாமியாரைப் பார்த்துக்கொள்வாள், வீட்டைப் பார்த்துக்கொள்வாள். பெண் செய்யும் வேலையெல்லாம் இந்த ஒரு சொல்லுக்குள் போய்க் காணாமல் போகிறது. நான் செய்த அதே வேலைக்கு எங்கள் ஊரைச் சுற்றியிருக்கும் ஒவ்வொரு ஆலையிலும் பதவி உண்டு. பொருள் வந்து சேர்வதைப் பார்ப்பவர், தரம் பார்ப்பவர், ஆட்களை மேற்பார்வையிடுபவர், கணக்கு வைப்பவர் என்று நான்கு பேருக்கு அடையாள அட்டை கொடுத்து, மாதச் சம்பளம் போட்டு, கேண்டீனில் சாப்பாடும் போடுவார்கள். சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் அது மேலாண்மை. இந்தப் பக்கம் வந்தால் 'கூட இருந்து பார்த்துக்கிட்டா'.

2019ஆம் ஆண்டு இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண் 97 நிமிடமும் செலவிடுவதாகப் பதிவானது. வீட்டு வேலை என்றதும் நமக்குத் துடைப்பமும் அடுப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் என் பத்து மாத உழைப்பு ஒரு சொத்தின் மதிப்பை லட்சக்கணக்கில் உயர்த்திய உழைப்பு. அதற்கும் அதே கதிதான் என்றால், வேலையின் தன்மை இங்கே காரணமில்லை. செய்தவள் மனைவி என்பதுதான் காரணம்.

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள ஃபாக்ஸ்கான் ஐஃபோன் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்று செய்தி வெளியிட்டது. மத்திய அரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அவர்களுக்குக் குடும்பப் பொறுப்பு அதிகம் என்பது அந்த ஒதுக்கலுக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆலை வாசலில், "உனக்கு வீட்டில் வேலை அதிகம்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். வீட்டுக்குத் திரும்பினால், "நீ வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்" என்கிறார்கள். இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒருசேர நம்புகிற சமூகத்துக்கு அதில் லாபம் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? சொத்தை விற்று வரும் லாபத்துக்கு வரி போடும்போது, அந்தச் சொத்தை மேம்படுத்தச் செய்த செலவைக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. சிமெண்டுக்குப் பில் உண்டு, கம்பிக்கும் டைல்ஸுக்கும் உண்டு. எல்லாப் பில்லையும் நான்தான் ஃபைலில் சேர்த்து ஆடிட்டரிடம் கொடுத்தேன். அந்த ஃபைலில் என்னுடைய பத்து மாதத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

என் நகை பதினெட்டுச் சவரன் அடகுக்குப் போனது. மனைவியின் சீதனம் முழுக்க அவளுடைய சொத்து, கணவன் நெருக்கடியில் எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரக் கடமைப்பட்டவன் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் மறுபடியும் சொன்னது. நகை மீண்டு வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த நகை கிடைத்திராவிட்டால் மேல்தளம் எழும்பியிருக்காது. தளம் தந்த லாபத்தில் நகைக்குப் பங்கில்லை. வட்டியில்லாக் கடன் கொடுத்த முட்டாள் நான்.

2023 ஜூன் 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை இதைப் படிக்கும் மாணவிகள் தேடிப் படிக்க வேண்டும். கணவன் வெளிநாட்டில் சம்பாதித்தான், மனைவி ஊரில் குடும்பத்தை நடத்தினாள். அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைக் கவனித்ததன் மூலம் மறைமுகமாகப் பங்களித்த மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது நீதிமன்றம். இந்தப் பங்களிப்பை அங்கீகரிக்கத் தனிச் சட்டம் இல்லை, அங்கீகரிக்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை என்பது அதன் வாதம். மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பெண் பல ஆண்டுகள் வழக்காட வேண்டியிருந்தது. திருமணத்துக்குப் பின் சேர்ந்த சொத்து இருவருக்கும் பொது என்ற ஏற்பாடு கோவாவில் போர்த்துகீசியர் காலத்துச் சிவில் சட்டம் வழியாக இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் இல்லை. 1989இலேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தந்து, நாட்டுக்கு முன்னால் போன மாநிலம் இது. மகளுக்குச் செய்ததை மனைவிக்குச் செய்ய ஏன் இத்தனை தயக்கம்?

மகளுக்குத் தந்த உரிமை என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். மாமனார் வீட்டில் என் நாத்தனாருக்கும் பங்கு உண்டு. வில்லங்கம் இல்லாமல் விற்க வேண்டுமே! விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோம். "அண்ணன்கிட்ட பங்கு கேக்கறதா?" என்று ஊர் பேசுமே என்ற பயத்தில் அவள் போட்டாள். பட்டுப்புடவை கொடுத்தோம். கடைக்குப் போய் அந்தப் புடவையை எடுத்தவள் நான். ஒரு வீடு விற்கப்பட்டதில் இரண்டு பெண்கள் கையெழுத்திட்டார்கள்: ஒருத்தி உரிமையை விட்டுக்கொடுத்து, இன்னொருத்தி சாட்சியாக.

என் தவறு அதோடு முடியவில்லை. சம்பள நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கொத்தனாருக்கு 1,100, ஆண் உதவியாளுக்கு 850, சித்தாளுக்கு 600. ஆண் உதவியாள் சுமந்த அதே ஜல்லியை, அதே ஏணியில், அவளும் சுமந்தாள். "ஊர் வழக்கம்மா" என்றார் மேஸ்திரி. எழுதிக்கொண்டேன். சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் 1976இல் வந்தது என்று எனக்குத் தெரியும். இருபது வருடமாகக் கலவை சுமக்கும் அந்த அக்காவின் கையில் யாரும் கரண்டியைக் கொடுக்கவில்லை. சித்தாளாக வந்தவள் சித்தாளாகவே போகிறாள். என் உழைப்பை என் குடும்பம் மறைத்ததென்றால், அவள் உழைப்பில் நாளுக்கு 250 ரூபாயை நான் மறைத்தேன்.

மேல்தளத்தில் எழுப்பிய அறைகள் யாருக்கு? ஆலைகளில் வேலை பார்க்கும் வெளியூர்ப் பெண்களுக்கு. வாங்க வந்தவரும் அதைத்தான் கேட்டார்: "ஒரு ரூம்ல எத்தன பொண்ணுங்க போடலாம்?" ஆறு பேர் என்றேன். நான்கு அறைகளுக்கு இரண்டு குளியலறை. மூன்றாவது குளியலறை வரைபடத்தில் இருந்தது. அதை எடுத்துவிட்டு அங்கே இன்னொரு அறை வைக்கலாம் என்ற யோசனை என்னுடையது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகி 150க்கும் மேற்பட்ட ஃபாக்ஸ்கான் தொழிலாளிப் பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்ததும், சக தொழிலாளிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததும் மறந்துபோகவில்லை. அதன் பிறகுதான் விடுதிகளின் நிலை வெளியில் பேசப்பட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை அரசு திறந்தது. அது தேவைப்பட்டதற்குக் காரணம் எங்களைப் போன்றவர்கள் எழுப்பிய அறைகளும்தான். வாடகைக் கணக்கில் அந்தப் பெண்களைத் தலைக்கு இவ்வளவு என்று கூட்டித்தான் வீட்டின் விலையை ஏற்றினேன்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? பங்கு கேட்கிற பெண் முதலில் தன் நோட்டைத் திறந்து காட்ட வேண்டும். எனக்கு நியாயம், சித்தாளுக்கு ஊர் வழக்கம் என்றால் அது பெண்ணியம் ஆகாது. வீட்டுக்காரியின் பேராசைக்கு அது இன்னொரு பெயர்.

"புருஷன் பேர்ல இருந்தா என்ன, எல்லாம் உனக்குத்தானே?" என்று கேட்பார்கள். எல்லாம் எனக்குத்தான் என்றால், என் பெயரை எழுத ஏன் கை நடுங்குகிறது? "செலவாகும்" என்பார்கள். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்ட் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வையிலும் பதிவுக் கட்டணத்திலும் உச்சவரம்பு இருக்கிறது. மாடிப்படிக்குப் போட்ட கிரானைட்டுக்கு யாரும் செலவு பார்க்கவில்லை. "சந்தேகப்படறியா?" என்பார்கள். வங்கி அடமானம் கேட்கும்போது இந்தக் கேள்வியை யாரும் வங்கியிடம் கேட்பதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். பெண் பெயரில் பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பதிவுசெய்தால் ஒரு சதவீதக் கட்டணச் சலுகை என்று 2025 ஏப்ரலில் தமிழக அரசு கொண்டுவந்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் சலுகைக்காகப் பெயரை எழுதிவிட்டு, சாவியையும் முடிவையும் ஆணே வைத்திருந்தால் அது உரிமையாகாது.

அதனால் சொல்கிறேன். கடைக்கால் தோண்டும் முன் பத்திரம் பேசுங்கள். தளம் போட்ட பிறகு பேசினால் நீங்கள் சண்டைக்காரி. நகையைக் கழற்றும் முன் அது கடனா, பங்கா என்று தாளில் எழுதி வாங்குங்கள். உங்கள் கணக்கிலிருந்து பணம் போனதற்குத் தடயம் வையுங்கள். தினமும் செய்த வேலையைத் தேதியோடு எழுதுங்கள், அந்த நோட்டு நாளை சாட்சி சொல்லும். சித்தாளுக்கு ஆண் உதவியாளின் கூலியைக் கொடுங்கள். நாத்தனாருக்குப் புடவை எடுக்காதீர்கள், பங்கைக் கொடுங்கள். திருமணத்துக்குப் பின் சேரும் சொத்தில் மனைவிக்குச் சம உரிமை என்று சட்டமன்றத்தில் சட்டம் கேளுங்கள். ஒவ்வொருத்தியும் நீதிமன்றப் படியேறித் தனித்தனியாக நிரூபிக்க வேண்டிய விஷயமில்லை இது.

விற்ற பணத்தில் வாலாஜாபாத் பக்கம் ஒரு மனை பார்த்திருக்கிறார்கள். பத்திர வரைவு போன வாரம் வீட்டுக்கு வந்தது. வாங்குபவர் என்ற இடத்தில் ஒரு பெயர்தான் இருந்தது. பேனாவை எடுத்து அதன் கீழே என் பெயரை எழுதி, 'சம பாகம்' என்று சேர்த்து, திருப்பி அனுப்பினேன். வீட்டில் நான்கு நாளாகப் பேச்சு இல்லை. மாமியார் மட்டும் நேற்று ராத்திரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்தப் பழைய வீட்டுக்கு நானும் மண்ணு சுமந்தேன்டி" என்றார்.

வரைவு இன்னும் திரும்பி வரவில்லை. வரும்வரை அந்த மனையில் ஒரு செங்கல்லையும் எண்ணி இறக்கப் போவதில்லை.